மூன்று வாரம், ஒரு நாள்

எந்த மிஷினும் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளைக் கேட்பதற்காக அரசாங்கம் என்னை வேலைக்கு வைத்திருக்கிறது. பதவியின் பெயர் நாள் அலுவலர். ஆஸ்பத்திரியில் என்னைப் ‘பஞ்சாங்கம் ஷைனி’ என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வேலை இதுதான். ஒருத்தியின் வயிற்றுப் பிள்ளைக்கு எத்தனை வாரம் என்று அவளுடைய கர்ப்ப அட்டை ஒரு கணக்குச் சொல்லும். வார்டில் இருக்கும் நாள்மானி அவள் வயிற்றில் பட்டையைச் சுற்றி, பிள்ளையை அளந்து, இன்னொரு கணக்குச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் நான் கேண்டீனில் உட்கார்ந்து போண்டா சாப்பிடலாம். ஒத்துப்போகாவிட்டால் நாள்மானி மருந்து அலமாரியைப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் யாராவது ஒரு மனுஷி போய், புருஷன் பெண்டாட்டி இருவரையும் தனித்தனியே விசாரித்து, எது நிஜமான தேதி என்று முடிவுசெய்து கட்டைவிரலை வைக்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்தக் கட்டைவிரல் என்னுடையது. எல்லோரும் உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை என்றோ போயிருக்கும்.

அன்றைக்கு மார்கழி இருபத்தாறு, திங்கட்கிழமை. பொங்கலுக்கு நாலே நாள். காலை எட்டேகாலுக்கு டாக்டர் ரஹ்மத் போனில் கூப்பிட்டார்.

“ஷைனி, உடனே லேபர் வார்டுக்கு வாங்க. விடியக்காலம் பனிக்குடம் உடைஞ்சு வந்திருக்காங்க. நாள்மானி பூட்டிக்கிச்சு.”

“எத்தனை நாள் வித்தியாசம்?”

“மூணு வாரம், ஒரு நாள்.”

போண்டாவை வைத்துவிட்டு ஓடினேன். வழக்கமாக ஐந்து நாள், ஆறு நாள்தான் இடிக்கும். மூன்று வாரம் என்பது மறதியில் வருகிற பிழை இல்லை.

டாக்டர் ரஹ்மத் வார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பட்டார்.

“பேரு நீலவேணி. இருபத்து மூணு வயசு, தலைப்பிரசவம். அட்டைப்படி இருபத்தோரு வாரம் அஞ்சு நாள். நாள்மானி அளந்தா இருபத்துநாலு வாரம் ஆறு நாள்ங்குது. ஆனா அந்தப் பொண்ணுக்குச் சர்க்கரை இருக்கு. சர்க்கரை இருந்தா பிள்ளை வயசுக்கு மீறி வளரும். அதனால இது இருபத்தோரு வாரத்துக் கொழுத்த பிள்ளையா, இருபத்துநாலு வாரத்துச் சாதாரணப் பிள்ளையான்னு அதுக்குத் தெரியலை.”

“அதுவா என்ன நினைக்குது?”

“கொழுத்த பிள்ளைன்னு நினைக்குது. தொண்ணூத்தொரு சதவீதம்.”

இந்த இடத்தில் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா காலத்திலும் பனிக்குடம் சீக்கிரம் உடைந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பிள்ளையின் நுரையீரலை அது கொஞ்சம் முன்கூட்டியே பழுக்கவைக்கும். இப்போதைய ஊசி அதற்குக் கொள்ளுப்பேத்தி. பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. மூன்று வாரத்தில் நடக்க வேண்டிய வளர்ச்சி அதற்குள் நடந்துவிடும். ஜனங்கள் மூச்சு ஊசி என்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை, பிள்ளைக்கு இருபத்துநாலு வாரம் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் நுரையீரல் திறப்பதற்குப் பதிலாக இறுகிப்போகும். அதற்குப் பிறகு எந்த மருந்தாலும் அதைத் திறக்க முடியாது.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தகப்பன் என் காலில் விழுந்து அழுதான். அட்டையில் இருக்கும் தேதி தப்பு, சத்தியமாகத் தப்பு என்றான். நம்பினேன், விரலை வைத்தேன். தேதி சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஊசிக்குப் பிறகு அவன் மனைவிக்கு வலி நின்றுபோய், பிள்ளை இன்னும் ஆறு வாரம் வயிற்றிலேயே தாங்கியது. ஊசி போடாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். பிறந்தபோது கை, கால், முகம் எல்லாம் முழுசாய், அழகாய் இருந்தது. மூச்சு மட்டும் விடவில்லை. அந்த ஆறு வாரமும் தினமும் அந்தத் தகப்பன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவான். அதுதான் என்னால் மறக்க முடியாதது.

“போடாம விட்டா?” என்று தெரிந்தே கேட்டேன்.

“இருபத்துநாலு வாரம்னா போடாம விட்டா இன்னிக்கோ நாளைக்கோ பிறந்து செத்துப்போகும். இருபத்தோரு வாரம்னா போட்டாச் செத்துப்போகும். இப்ப அட்டைப்படி பார்த்தா இது பிரசவமே இல்லை ஷைனி, கருச்சிதைவு. ரெண்டாவது மாடிக்கு அனுப்பணும். நான் இன்னும் அனுப்பலை.”

நீலவேணியின் கட்டிலைக் கால்பக்கம் உயர்த்தி வைத்திருந்தார்கள். மெலிந்த பெண். போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார். வயது ஐம்பத்து மூன்று, துறையூர் பஸ் டிப்போவில் சார்ஜிங் பிரிவு மேற்பார்வையாளர், பெயர் ஹர்ஷிணி. அந்தத் தலைமுறை முழுக்க ஹர்ஷிணி, தர்ஷினி, வர்ஷினிதான். ஷைனி என்று பெயர் வைத்துக்கொண்டு நான் யாரையும் கேலி செய்வதற்கில்லை. தாங்கள் பெற்றதுக்கு மட்டும் பொன்னர், நீலவேணி என்று கொள்ளுத்தாத்தா காலத்துப் பெயராகத் தேடி வைக்கிறார்கள்.

“கடைசியா எப்போம்மா தூரமானே?” என்று நீலவேணியைக் கேட்டேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பதில் சொன்னார்.

“ஆடி இருபத்தாறுங்க. கடைசி வெள்ளி விளக்கு பூசையன்னிக்கு அவளுக்கு மூணாம் நாளு. அவங்க ஊர் அம்மன் கோயில்ல நூத்தியெட்டு விளக்கு வெச்சாங்க, சம்பந்தி கூப்பிட்டாங்கன்னு நானும் போயிருந்தேன். இவ மட்டும் வெளியில வேப்பமரத்தடியில உக்காந்திருந்தா. என் கண்ணால பாத்தேன்.”

“நீ சொல்லும்மா.”

“ஆமாங்கக்கா. அட்டையில இருக்கறதுதான்.”

அதைச் சொல்லும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் குழப்பமாக இருந்தது. இந்தக் கட்டிலில் படுத்திருக்கும் பெண்கள் எல்லோரும் வாரத்தைக் கூட்டித்தான் சொல்வார்கள். ஒரு நாளாவது கூடுதலாகச் சொல்லிப் பிள்ளையைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுக்கப் பார்ப்பார்கள். இவள் என்னவென்றால் தன் பிள்ளையை இரண்டாவது மாடிக்கு அனுப்பும் தேதியை ஆமாம் ஆமாம் என்கிறாள். அழவும் செய்கிறாள்.

“அவர் எங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் வராந்தாவில், தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நீலவேணியின் புருஷன் பொன்னர், இருபத்தேழு வயது, வாழைத் தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்தடிக்கிற வேலை. நான் யார் என்று சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

“மேடம், எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது.”

“எது?”

“அட்டையில இருக்கறது தப்பு. ஆடிப்பெருக்கு அன்னிக்கு நாங்க பாத்துக்கிட்டோம்.”

கல்யாணம் வைகாசியில். ஆடி பிறந்ததும் சீர் கொண்டுவந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் அனுப்பினாலும் ராகுகாலம் கழித்துத்தான் நாம் அனுப்புகிறோம். ஆடியை மட்டும் விட்டுவிடுவோமா? ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை. சித்திரையில் பிள்ளை பிறந்தால், சித்திரை அப்பன் தெருவிலே.

“அம்மா இதையெல்லாம் இவ்வளவு தீவிரமா நம்புறாங்களா?”

“நான் சித்திரையில பொறந்தவன் மேடம்,” என்றான் பொன்னர். “எனக்கு எட்டு மாசம் இருக்கறப்ப எங்கப்பா ரோட்டுலதான் செத்தாரு. லாரி.”

“சரி, ஆடியில என்ன நடந்துச்சு?” என்றேன்.

“ஆடி ஒண்ணாந்தேதி அம்மா என் தலையில கைய வெச்சுச் சத்தியம் வாங்குனாங்க. நானும் பண்ணுனேன். பதினெட்டு நாளு தாங்குச்சு. அப்புறம் நீலா ஊருக்கு ஆத்தங்கரைக்குப் போனேன். கூட்டத்துல யாரு கண்டா? அவ சிநேகிதி வீடு பக்கத்துல. மத்தியானம் நாலு மணி நேரம்.”

ஆடிப் பதினெட்டு என்றால் நாள்மானி சொல்லும் கணக்கு அப்படியே பொருந்துகிறது. மனசு ஒரு நிமிஷம் லேசானது. வார்டு மூலையில் இருந்த நாள்மானியிடம் போய் வாக்குமூலத்தைச் சொன்னேன். அது அரை நிமிஷத்தில் பதில் சொன்னது.

“ஆடி மாதம் முழுவதும் இருவரின் கைபேசிகளும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் விலகியே இருந்துள்ளன. சந்திப்பு நடந்ததற்குச் சான்று இல்லை.”

திரும்பவும் ஜன்னலுக்கு ஓடினேன்.

“போனை வீட்டுல வெச்சுட்டுப் போனேன் மேடம்! நான் எங்க இருக்கேன்னு அம்மாவுக்கு அதுல தெரியும்ல? குடும்பத்துல எல்லாரும் பகிர்ந்து வெச்சிருக்கோம். நீலாவும் வெச்சுட்டுத்தான் வந்தா.”

மாமியாரை ஏமாற்ற இரண்டு பேரும் அத்தனை பக்குவமாக வேலை பார்த்திருக்கிறார்கள். மாமியார் ஏமாந்தாரோ இல்லையோ, மிஷின் ஏமாந்துவிட்டது.

ஆனால் இதுவும் போதாது. சந்தித்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், நீலவேணி ஆடி இருபத்தாறில் தூரமானது நிஜமென்றால் கரு ஆவணியில் தங்கியதுதான். ஆடிப்பெருக்குக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை. வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்ததை மாமியார் கண்ணால் பார்த்திருக்கிறார்.

மணி பத்தாகிவிட்டது. ஹர்ஷிணியிடம், கீழே கேண்டீனில் கஞ்சி வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, நீலவேணியின் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

“உன் வீட்டுக்காரர் சொல்லிட்டார். ஆடிப்பெருக்கு. இனிமே என்கிட்ட மறைக்காதே. இருபத்தாறாம் தேதி நிஜமாவே தூரமானியா?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது வலியா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

“இல்லைக்கா.”

“அப்ப ஏன் வெளியில உக்காந்தே?”

“ஆத்தங்கரைக்குப் போயிட்டு வந்து பத்து நாளுதான் ஆச்சு. சத்தியத்த மீறிட்டமேன்னு மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு. அந்த மனசோட போயி அம்மன் முன்னால வெளக்கு வெச்சா ஏதாவது ஆயிருமோன்னு பயம். அதான் எங்கம்மாகிட்ட தூரம்னு பொய் சொல்லிட்டு வெளியில உக்காந்துட்டேன்.”

“அட்டையில யார் அந்தத் தேதியை எழுதச் சொன்னது?”

“நர்ஸ் கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அத்தை ஆடி இருபத்தாறுன்னு சொல்லிட்டாங்க. இல்லைன்னு எப்படிக்கா சொல்றது? இல்லைன்னா, அப்ப ஏன் வெளியில உக்காந்தேன்னு கேப்பாங்கல்ல?”

“மூணாம் மாச ஸ்கேனுக்கு ஏன் வரலை?”

“அதுல நாள் தெரிஞ்சுரும்னு சொன்னாங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. காலையிலேயே சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் யாரைத் திட்டுவது? சாமிக்குப் பயந்து ஒரு பொய், மாமியாருக்குப் பயந்து ஒரு மௌனம். சின்னப் பெண். ஒரு வெள்ளிக்கிழமைக்காகச் சொன்ன சாக்கு, ஆஸ்பத்திரி அட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவள் பிள்ளையின் வயதைத் தின்றுகொண்டிருக்கிறது.

இதையும் நாள்மானியிடம் சொன்னேன். அது கோயிலின் காணொளியைத் தேடி எடுத்தது.

“குறிப்பிட்ட நாளில் இவர் பூஜையில் கலந்துகொள்ளாமல் வெளியே அமர்ந்திருப்பது காணொளியில் உறுதியாகிறது. புதிய வாக்குமூலம், இருபத்துநாலு வார வரம்பை அறிந்த பின் அளிக்கப்பட்டது. முதல் வாக்குமூலத்துக்கு முரணானது. இருபத்தோரு வாரத்துக்கான வாய்ப்பு: தொண்ணூற்று நான்கு சதவீதம்.”

உண்மையைச் சொல்லச் சொல்லச் சதவீதம் ஏறுகிறது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மிஷினைக் குறை சொல்லவும் முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அந்தத் தகப்பன் சொன்ன கதையும் இப்படித்தான் ஒன்றோடொன்று பொருந்தியது. நீலவேணியை நான் நம்பினேன். ஆனால் அவனையும் நம்பினேனே. விரல் முன்னே போக மறுத்தது.

டாக்டர் ரஹ்மத் பட்டையைப் பார்த்துவிட்டு என் காதோரம் சொன்னார். “லேசா வலி ஆரம்பிச்சிருக்கு. நிறுத்தப் பார்க்கிறேன். ஆனா ஊசி வேலை செய்ய எனக்கு நேரம் வேணும். எது முடிவோ அதை இப்பச் சொல்லுங்க.”

அப்போது ஹர்ஷிணி கஞ்சியோடு வந்தார். பின்னாலேயே பொன்னர். நீலவேணி தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். அவள் கவனிக்கவில்லை.

“அத்தை, நான் அன்னிக்குத் தூரமில்லை. பொய் சொன்னேன். ஆடிப் பதினெட்டுக்கு அவரு வந்தாரு. நாங்க சத்தியத்த மீறிட்டோம். புள்ளைக்கு ஊசி போடணும் அத்தை. நீங்க பாத்ததுதான் குறுக்க நிக்குது.”

பொன்னர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஹர்ஷிணி கஞ்சிச் செம்பைக் கட்டிலடியில் வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்தார். அவருக்கு எதுவுமே அவசரமாகத் தெரியவில்லை.

“தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?” என்றேன்.

“இவ தூரமில்லைன்னு அன்னிக்கே தெரியும். வேப்பமரத்தடியில உக்காந்திருந்தா, தலை நெறய மல்லியப்பூ. தூரமா இருக்கறவ பூ வெப்பாளா? அவங்கம்மா வெளக்குக்குத் திரி போடுற மும்முரத்துல கவனிக்கல. நான் கவனிச்சேன். நல்லாருக்கறவ எதுக்குச் சாமிக்கு ஒதுங்கி உக்காரணும்? என் மவன் ஆடிப்பெருக்கன்னிக்குப் போனை வீட்டுல வெச்சுட்டு எங்கயோ போயிட்டு வந்தான். ரெண்டையும் சேத்துப் பாத்தா பச்சைப்புள்ளைக்குக்கூட வெளங்கும்.”

நான் நாள்மானியின் திரையில் காணொளியை ஓட்டினேன். நூற்றெட்டு விளக்கு, நூற்றெட்டுப் பெண்கள், அதற்கப்பால் வேப்பமரம். பெரிதாக்கினேன். நீலவேணி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னலில் மல்லிகை, ஒரு முழத்துக்குக் குறையாது. மிஷின் அதே படத்தைத்தான் பார்த்திருக்கிறது.

“அப்புறம் ஏன் ஆடி இருபத்தாறுன்னு எழுதச் சொன்னீங்க?” என் குரல் உயர்ந்துவிட்டது. “தெரிஞ்சுகிட்டே சொன்னீங்களா? அது பிள்ளையோட உயிர்ம்மா!”

“உயிர்னு எனக்கு எங்கேம்மா தெரியும்? நாள் கேட்டாங்க, நாளு சொன்னேன். அப்படிச் சொன்னா, பொறக்குற நாளு வைகாசி நாலுன்னு அட்டையில விழுந்துச்சு. மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு.”

“பிள்ளை சித்திரையில பிறந்திருந்தா அட்டை என்ன செஞ்சிருக்கும்?”

“முன்னாடியே பொறந்துருச்சு, கொறமாசம்னு சொல்லியிருப்பேன். யாரு கேப்பா?” அவர் மகனைப் பார்க்காமல் பேசினார். “இவன நாலு வயசுல ஒரு கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். என் நாத்தனா எல்லாரு முன்னாலயும் சொன்னா, இந்தா வந்துட்டான் அப்பனத் தெருவுல போட்டவன்னு. அவன் புரியாம சிரிச்சான். இவன் புள்ளைக்கும் ஒருத்தி அப்படிச் சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன். காயிதத்துலயாவது வைகாசியா இருக்கட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல.”

பொன்னர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் தோள் குலுங்கியது. அத்தனை மாதம் அவர்கள் இவரிடம் மறைத்திருக்கிறார்கள், இவர் தெரியும் என்பதை அவர்களிடம் மறைத்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில்.

“நிச்சயமாச் சொல்றீங்களா?” என்று கேட்டேன். “இந்தக் காலத்துல யார் பூ வெக்கிறது, வெக்காததெல்லாம் பார்க்கிறாங்க? தூரத்தோடயே வெச்சிருக்கலாமே?”

ஹர்ஷிணி யோசித்தார். “இருக்கலாம். நான் பாத்தது பூவை. மத்தது என் யூகந்தான்.”

ஆம் என்று அடித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் சந்தேகப்பட்டிருப்பேன். இந்தப் பதில் என்னைப் பாதி கொன்றது, பாதி நம்பவைத்தது. யோசித்துப் பார்த்தேன். நீலவேணிக்கும் பொன்னருக்கும் அந்தத் தேதியால் லாபம், அதனால் மிஷின் நம்பவில்லை. இந்த அம்மாளுக்கு என்ன லாபம்? இருபத்தேழு வருஷமாகப் பயந்த ஒன்றை, ஐந்து மாதம் பாடுபட்டுப் புதைத்ததை, இப்போது பத்துப் பேர் முன்னால் தோண்டி வெளியே போடுகிறார். பொய் சொல்பவர் யாரும் தனக்கு வேண்டாததைச் சொல்ல மாட்டார். எனக்குக் கிடைத்த ஆதாரம் அவ்வளவுதான்.

நாள்மானிக்கு முன்னால் போய் நின்றேன். தேதியை மாற்றினேன். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பதினான்கு காரணங்களைக் காட்டியது. கடைசியில் இருந்த ‘இதர’ என்பதைத் தொட்டு, ‘தலையில் பூ இருந்தது’ என்று எழுதினேன்.

“பூவுக்கும் கர்ப்ப வாரத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கவும்,” என்றது நாள்மானி.

சாதாரண நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நாலு வரி எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது. மிஷின் படித்தது. “இருபத்தோரு வாரத்துக்கான வாய்ப்பு: தொண்ணூற்று மூன்று சதவீதம். பொறுப்பு அலுவலரைச் சாரும்,” என்றது. என் நாலு வரிக்கும் ஹர்ஷிணியின் இருபத்தேழு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு சதவீதம் இறங்கியிருந்தது.

அந்தத் தகப்பன் கும்பிட்ட கை ஞாபகத்துக்கு வந்தது. மாதாவே என்றேன். விரலை வைத்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு முதல் ஊசி போட்டார்கள். டாக்டர் ரஹ்மத் தானே போட்டார். பிள்ளை பிறந்து மூச்சு விடுகிறவரைக்கும் நான் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அது நாளைக்குத் தெரியலாம், இரண்டு மாதம் கழித்தும் தெரியலாம். போன முறையும் இப்படித்தான் காத்திருந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். எழுந்து போகக் கால் வரவில்லை.

இரண்டு மணி வாக்கில் வலி அடங்கிவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். இனி ஒவ்வொரு நாள் தாங்குவதும் லாபம், காய்ச்சல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஊசி போட்டாலும் வயிறுதான் நல்ல இடம் என்றார். ஹர்ஷிணி எல்லாவற்றையும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

“எது வரைக்கும் தாங்கும் டாக்டர்?”

“சொல்ல முடியாதும்மா. சில பேருக்கு ரெண்டு நாள். சில பேருக்கு மாசக்கணக்குல நின்னதும் உண்டு.”

“சித்திரை வரைக்கும் நிக்குமா?”

டாக்டர் ரஹ்மத்துக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியாது. “அவ்வளவு தூரமெல்லாம் ஆசைப்படாதீங்கம்மா. மாசி தாண்டினாலே பெரிய விஷயம்.”

“இல்லை டாக்டர். சித்திரையிலயே பொறக்கட்டும். நடுச் சித்திரையில பொறக்கட்டும்.”

பொன்னர் திரும்பி அம்மாவைப் பார்த்தான். “அம்மா,” என்றான்.

“நீ சும்மா இரு. ரோட்டைப் பாத்துப் போனாப் போதும்,” என்றார் ஹர்ஷிணி.

பிறகு என் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். தை, மாசி, பங்குனி. நாலாவது விரலுக்கு வந்ததும் அதை மடக்கி, மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அவர் அந்த விரலை விடவில்லை.